வந்துபோகும் நோயும் மாறாத பள்ளியும்

காலை ஒன்பது மணிக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடியேறும் ஒரு சிறுமி, மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் மற்ற பிள்ளைகளோடு ஓடுகிறாள். இரண்டையும் பார்க்கும் ஆசிரியருக்கு மாலையில் கண்டதுதான் உண்மையாகத் தோன்றும். காலையில் கண்டது சாக்காகத் தெரியும். சிறார் மூட்டுவாதம் உள்ள குழந்தைகள் பள்ளியில் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த ஐயத்திலிருந்து பிறக்கிறது. மாலை வரை உடலை அசைத்தபடி இருந்தால் மூட்டின் இறுக்கம் தளர்வது இந்த நோயின் இயல்பு. சிறுமி காலையிலும் நடிக்கவில்லை, மாலையிலும் நடிக்கவில்லை.

இந்த நோய் மணிக்கு மணி, வாரத்துக்கு வாரம் மாறுகிறது. பள்ளியின் விதிகளும் அரசின் சான்றிதழ்களும் நடைமுறையில் மாறாத உடலையே எதிர்பார்க்கின்றன: ஒரு குழந்தை நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும், அல்லது நிரந்தர ஊனத்தோடு இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. சிறார் மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தனிப் பள்ளியோ வேறு பாடத்திட்டமோ தேவையில்லை. வேண்டும்போது உடனே கிடைத்து, வேண்டாதபோது விலகி நிற்கும் ஏற்பாடுகள் போதும். அவற்றைக் கேட்டுப் பெறக் குடும்பத்துக்கும், நடைமுறைப்படுத்த ஆசிரியருக்கும் நோயைப் பற்றிய தெளிவு வேண்டும். இவர்களது கல்வித் தேவை என்பது குழந்தையின் படிப்பையும் பெரியவர்களின் படிப்பையும் சேர்த்ததுதான்.

ஒரு பெயர், பல நோய்கள்

பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஆறு வாரத்துக்குக் குறையாமல் நீடிக்கும், வேறு காரணம் கண்டறியப்படாத மூட்டழற்சியே சிறார் மூட்டுவாதம்; மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ஜே.ஐ.ஏ. என்கிறார்கள். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் வீக்கம், வலி, இறுக்கம் வருகின்றன. வாதநோய் மருத்துவச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2001இல் எட்மண்டன் நகரில் திருத்தியமைத்த வகைப்பாடு இதை ஏழாகப் பிரிக்கிறது. உலக அளவிலான மதிப்பீடுகள் ஒரு லட்சம் பேருக்கு 16 முதல் 150 வரை வேறுபடுகின்றன. பிரிட்டனில் ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம் ஊருக்கும் பொருத்திப் பார்த்தால், ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒருவர் இருக்கக்கூடும். ஆசிரியரின் பணிக்காலத்தில் அப்படி ஒரு பிள்ளையைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். அதை அவர் அறிந்துகொள்ளும் வாய்ப்பு குறைவு.

ஒவ்வொரு வகையும் பள்ளியில் ஒவ்வொரு முகத்தைக் காட்டும். நான்கு மூட்டுகள் வரை மட்டும் தாக்கும் வகை பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கு வரும். ஒரு முழங்கால் வீங்கியிருக்கும். சில குழந்தைகள் வலி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், நடையை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். ஐந்தோ அதற்கு மேற்பட்டோ மூட்டுகளைத் தாக்கும் வகையில் விரல்களும் மணிக்கட்டும் சேர்ந்து பாதிக்கப்படுவதால் எழுத்து சிதையும். உடல் முழுவதும் பரவும் வகையில் நாள்தோறும் ஒருமுறை, பெரும்பாலும் மாலை வேளையில், காய்ச்சல் உச்சத்துக்கு ஏறி இறங்கும். காலையில் சுறுசுறுப்பாக இருந்த பிள்ளை கடைசிப் பாடவேளையில் மேசையில் தலைசாய்த்துக் கிடப்பான். தசைநாண்கள் எலும்போடு சேரும் இடங்களைத் தாக்கும் வகை இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளில் மேற்கு நாடுகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இது ஆறு வயதைத் தாண்டிய ஆண் பிள்ளைகளிடம் மிகுதி. குதிகால் வலி, இடுப்பு வலி என்று வரும் அந்தப் பையனுக்கு உடற்கல்வி ஆசிரியர் சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்க்கச் சொல்வார்.

கண் இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது. குறிப்பாக, சிறு வயதில் சில மூட்டுகளில் மட்டும் நோய் வரும் பெண் குழந்தைகளுக்கு யுவைட்டிஸ் எனப்படும் கண் உள்ளழற்சி வரும் ஆபத்து அதிகம். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. கவனிக்காமல் விட்டால் கண்புரை, கண் அழுத்த நோய், பார்வை இழப்பு வரை போகும். ஸ்லிட் லாம்ப் கருவியால் கண் மருத்துவர் பார்த்தால்தான் தெரியும். ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும். கரும்பலகையில் இருப்பதைத் தவறாகப் பார்த்து எழுதும் பிள்ளையைக் கவனமில்லாதவள் என்று தீர்மானிப்பதற்கு முன் ஆசிரியர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

நோய் அடங்கிய பிறகும் கதை முடிவதில்லை. கனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ரியாச்-அவுட் ஆய்வின்படி, பெரும்பாலான வகைகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் அடங்கிய நிலையை எட்டினார்கள். அப்படி அடங்கியவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு ஓராண்டுக்குள் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஜூனில் நன்றாக இருந்த மாணவர் டிசம்பர் அரையாண்டுத் தேர்வின்போது பேனா பிடிக்க முடியாமல் போகலாம். அடுத்த ஜூனில் மறுபடி விளையாடலாம்.

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வகுப்பறைக்கு

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 1897இல் 22 குழந்தைகளின் மூட்டுநோயைப் பற்றி எழுதிய கட்டுரையே, பெரியவர்களின் முடக்குவாதத்திலிருந்து இது வேறுபட்டது என்று மருத்துவ உலகுக்குத் தெளிவாக எடுத்துச்சொன்னது. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆஸ்பிரின், படுக்கை ஓய்வு, மரச்சட்டம் அல்லது பிளாஸ்டர் கட்டு ஆகியவையே பெரும்பாலும் சிகிச்சை. இங்கிலாந்தின் டேப்லோவில் இருந்த கனடியச் செஞ்சிலுவை நினைவு மருத்துவமனையில் 1947இல் சிறார் வாதநோய்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கியது. எரிக் பைவாட்டர்ஸும் பார்பரா ஆன்செலும் அங்கேதான் இத்துறையை வளர்த்தெடுத்தார்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து மருத்துவமனையிலேயே தங்கிய காலம் அது. அன்று கல்வித் தேவை என்றால், படுக்கையில் இருக்கும் குழந்தைக்குப் பாடத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான்.

மருந்துகள் அந்தக் கேள்வியை மாற்றின. வாரம் ஒருமுறை குறைந்த அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இந்தக் குழந்தைகளுக்குப் பயன்தருகிறது என்று 1992இல் வெளியான, அமெரிக்க மருத்துவர்களும் சோவியத் மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. 1999இல் எட்டனர்செப்ட் என்ற உயிரியல் மருந்துக்குச் சிறார் மூட்டுவாதத்துக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்தடுத்து வேறு மருந்துகளும் வந்தன. இன்று காலத்தோடு சிகிச்சை தொடங்கிய குழந்தை மருத்துவமனையில் தங்குவது அரிது. அவள் இருக்க வேண்டிய இடம் பக்கத்து ஊர்ப் பள்ளி. ஓய்வு பற்றிய கருத்தும் தலைகீழாகிவிட்டது. அசையாமல் வைத்த மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், தசை மெலியும் என்பதால் நடப்பது, நீந்துவது, மிதிவண்டி ஓட்டுவது எல்லாம் இப்போது சிகிச்சையின் பகுதிகள். குடும்பங்களும் பள்ளிகளும் பல இடங்களில் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கின்றன. பிள்ளைக்கு உடற்கல்வி வகுப்பே வேண்டாம் என்று எழுதிக் கேட்கும் பெற்றோரும், பொறுப்பு விட்டது என்று உடனே ஒப்புக்கொள்ளும் பள்ளியும் சேர்ந்து அந்தக் குழந்தைக்குக் கெடுதல் செய்கிறார்கள்.

ஒரு பள்ளி நாளின் வழியே

தமிழ்நாட்டுப் பள்ளி நாள் ஒன்றை மூட்டுகளின் பக்கமிருந்து பார்த்தால் தேவைகள் தாமாகவே புலப்படும்.

இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டு, துருப்பிடித்த கதவுக்கீலைப் போல் காலையில் திறக்க மறுக்கும். வெந்நீர்க் குளியலும் மெல்லிய பயிற்சிகளும் செய்து தளர்த்த ஒரு மணி நேரம் ஆகலாம். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் காலை எட்டு மணிக்கே வைக்கப்படும் சிறப்பு வகுப்பு, இக்குழந்தைகளின் உடல் மிக மோசமாக இருக்கும் நேரத்தில் வந்து விழுகிறது. அதே வகுப்பை மாலைக்கு மாற்றிக் கொடுப்பதும், காலையில் தாமதமாக வருவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் ஒரு ரூபாய் செலவில்லாத ஏற்பாடுகள்.

அடுத்து காலை வழிபாட்டுக் கூட்டம். வெயிலில் இருபது நிமிடம் அசையாமல் நிற்பது வீங்கிய கணுக்காலுக்குத் தண்டனை. தொடக்கப் பள்ளிகளில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படிக்கிறார்கள். முழங்காலும் இடுப்பும் பாதித்த குழந்தைக்கு ஒரு நாற்காலி வேண்டும். கூடவே, மற்றவர்களும் சிலர் நாற்காலியில் உட்காரும்படி வகுப்பை அமைத்தால் அவள் மட்டும் தனியாகத் தெரிய மாட்டாள். ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தாலும் இறுக்கம் திரும்ப வரும். கரும்பலகையை அழிப்பது, நோட்டுகளைச் சேகரிப்பது போன்ற வேலைகளை அவளிடம் கொடுத்தால் எழுந்து நடக்க ஒரு காரணம் கிடைக்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கழுத்து மூட்டு பாதித்த பிள்ளையைப் பலகைக்கு நேர் எதிரே உட்கார வைக்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார வைத்தால் அவள் தலையைத் திருப்ப முடியாமல் பாடத்தை இழப்பாள்.

புத்தகப்பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை. தமிழ்நாட்டில் 2012 முதல் நடைமுறைக்கு வந்த முப்பருவ முறை கீழ்வகுப்புகளின் சுமையைக் குறைத்தது. மேல்வகுப்புகளில் இன்னொரு தொகுதிப் பாடநூலைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள அனுமதித்தால் மீதிச் சிக்கலும் தீரும். மாடி வகுப்புக்கு வழி இன்னும் எளிது. அந்தப் பிள்ளையின் பிரிவுக்கு அந்த ஆண்டு தரைத்தளத்தில் அறை ஒதுக்கினால் போதும்.

பேசப்படாத இடம் கழிப்பறை. குத்துக்காலிட முடியாத குழந்தை பள்ளியில் சிறுநீர் கழிக்காமல் இருக்கவே முயலும். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும். வலிக்குத் தரும் மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால், தண்ணீர் குடிக்காத குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது. மேற்கத்திய வகைக் கழிப்பறை ஒன்றும் சுவரில் ஒரு கைப்பிடியும் போதும். மதிய உணவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தாடை மூட்டு பாதித்த பிள்ளைக்கு வாயை அகலத் திறக்கவோ நெடுநேரம் மெல்லவோ முடியாது. மற்றவர்கள் பதினைந்து நிமிடத்தில் உண்பதை அவள் அரைமணி நேரம் உண்பாள்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் இங்கே தொடர்புடையது. நாப்ராக்சென் போன்ற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகலாம். வீட்டில் காலை உணவு சமைக்க நேரமோ வசதியோ இல்லாத குழந்தை பள்ளியில் சாப்பிட்டபின் அதே இடத்தில் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், மருத்துவரின் சீட்டு பள்ளியில் இருக்க வேண்டும். உணவு ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரைக்கு ஒரு நடைமுறைதான் இல்லை.

எழுதுவது கடைசியாக வருகிறது. தேர்வில் அதுதான் முதலாவதாக நிற்கிறது. மணிக்கட்டு வீங்கியிருக்கும் நாளில் பருமனான பேனா, நோட்டைச் சாய்வாக வைக்க ஒரு பலகை, நண்பரின் குறிப்பைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ள அனுமதி, பத்து முறை எழுதும் தண்டனையிலிருந்து விலக்கு ஆகியவை உதவும். வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கணக்குப் போட்டாலும் புரிந்ததா என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

நம்பப்படாமை

இந்த ஏற்பாடுகள் எல்லாமே எளியவை. ஆனாலும் கிடைப்பதில்லை. காரணம், கேட்கும் குழந்தையை நம்பாமை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வழிவிடுகிறவர்கள், இன்று நாற்காலி கேட்டு நாளை கபடி ஆடும் பிள்ளையிடம் கணக்குக் கேட்கிறார்கள். “காலையில நொண்டினே, இப்ப எப்படி ஓடுறே?” என்ற கேள்வியை வகுப்பின் முன்னால் ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தக் குழந்தை இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: வலியை மறைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் கலந்துகொள்வது, அல்லது தான் சொன்னது பொய்யாகிவிடாமல் இருக்க நல்ல நாளிலும் விளையாடாமல் ஒதுங்கியிருப்பது. முதலாவது மூட்டுக்கும் இரண்டாவது மனத்துக்கும் தீங்கு.

வலியைவிடவும் கண்ணுக்குத் தெரியாதது களைப்பு. நோய் தீவிரமாக இருக்கும்போது உடல் முழுவதும் அழற்சி இருப்பதால், நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளையும் பிற்பகலில் சோர்ந்துபோகும். இரத்தசோகையும் வலியால் கலைந்த தூக்கமும் சேர்ந்துகொள்ளும். மெத்தோட்ரெக்சேட் எடுத்த மறுநாள் குமட்டல் இருக்கலாம். ஸ்டீராய்டு எடுக்கும் மாதங்களில் முகம் உப்பி, கேலிக்கு ஆளாகும். விடுப்புகளும் குவியும்: இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, இயன்முறைப் பயிற்சி. குழந்தைகள் வாதநோய்ச் சிறப்பு மருத்துவம் வேலூர், சென்னை போன்ற ஒருசில நகரங்களில் குவிந்திருப்பதால், தென்கோடியில் இருக்கும் குடும்பத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது இரண்டு மூன்று பள்ளி நாட்களை விழுங்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 75 விழுக்காடு வருகை கட்டாயம். மருத்துவக் காரணத்துக்குத் தளர்வு உண்டு. ஆண்டின் இறுதியில் பதறாமல் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு விடுப்புக்கும் சான்றைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை யாரும் அந்தப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

இவ்வளவுக்கும் இடையில் இப்பிள்ளைகளின் அறிவுத்திறனில் குறை இருப்பதில்லை. சிறுவயதில் இந்நோய் வந்து வளர்ந்த 246 பேரை, சராசரியாக 28 ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் பாக்கமும் ஹாலும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு சிந்திக்க வைப்பது. கல்வித் தேர்ச்சியில் அவர்கள் ஒப்பிடப்பட்டவர்களைவிடப் பின்தங்கவில்லை. வேலையின்மையோ அவர்களிடையே மிகுதியாக இருந்தது. படித்து முடித்தார்கள், படிப்பு அவர்களை வேலையில் கொண்டுசேர்க்கவில்லை. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைத்து, நன்றாகத்தானே படிக்கிறாள் என்று பள்ளி நிம்மதியடைய முடியாது. எந்தத் தொழில் இந்த உடலுக்கு ஒத்துவரும், நேர்காணலில் நோயைப் பற்றி எப்படிச் சொல்வது, பணியிடத்தில் எதைக் கேட்க உரிமை உண்டு என்பதெல்லாம் பதினான்கு வயதிலிருந்தே பேச வேண்டிய பாடங்கள்.

சட்டம் எந்த உடலைப் பார்க்கிறது

விட்டுவிட்டு வரும் நோயைச் சட்டத்துக்குள் எழுத முடியுமா? முடியும் என்று சில நாடுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்கீழ், பள்ளிகள் இத்தகைய குழந்தைக்கென்று எழுத்துபூர்வமான ஏற்பாட்டுத் திட்டம் வகுக்கின்றன. 2008இல் அங்கே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள்: விட்டுவிட்டு வரும் அல்லது தற்போது அடங்கியிருக்கும் குறைபாடு, அது தீவிரமாக இருக்கும் காலத்தில் வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றைக் கணிசமாகத் தடுக்குமானால், ஊனமாகவே கொள்ளப்படும். நல்ல நாளில் அவள் ஓடினாள் என்பதைக் காட்டி ஏற்பாட்டை மறுக்க முடியாதபடி அது செய்தது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், திரும்ப வரக்கூடிய பாதிப்பைத் தொடர்ந்து இருப்பதாகவே கருதச் சொல்கிறது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் அதோடு நிற்காமல், நோயுள்ள மாணவர்களுக்கு ஆதரவளிப்பதை அரசு நிதிபெறும் பள்ளிகளின் கடமையாக்கியது. ஊனம் என்ற சொல்லுக்குள் வராத குழந்தைக்கும் அங்கே வழி இருக்கிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூட்டுவாதம் அதில் பெயர்சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் இயக்கக் குறைபாட்டுக்கு அச்சட்டம் தரும் விளக்கம், தசை-எலும்பு மண்டலப் பாதிப்பால் தன் உடலையோ பொருளையோ அசைக்க முடியாமையை உள்ளடக்குவதால், கடுமையான மூட்டுவாதம் அதற்குள் வர இடமுண்டு. சிக்கல் அளவீட்டில்தான். பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்பது வாசற்படி. குறைபாட்டை அளந்து சான்றிதழ் தரும் முகாம் நடக்கும் நாளில் மருந்தின் தயவால் மூட்டுகள் நன்றாக இருந்தால் அந்தப் படியைத் தாண்ட முடியாது.

இதே சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாறக்கூடும் என்றால், செல்லுபடியாகும் காலத்தைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் தரலாம். நிரந்தரமானவர்களுக்கு மட்டுமே சான்று என்பது பரவலான நம்பிக்கையே தவிர விதி அல்ல. இன்னொரு வாசலைத் திறந்தது உச்ச நீதிமன்றம். எழுதும்போது கைத்தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுத்தது தொடர்பான விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நியாயமான வசதி பெறும் உரிமையை 40 விழுக்காட்டு எல்லையோடு கட்டிவைக்க முடியாது என்றது நீதிமன்றம். அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு இருந்து எழுதச் சிரமப்படுவோருக்கும் எழுதுபவரும், ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் தரும் நெறிமுறைகளை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமை எல்லா மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கும் பொது என்று மீண்டும் வலியுறுத்தியது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரில் நன்றாக இருந்து மார்ச்சில் நோய் திரும்பும் பிள்ளைக்கு இந்தக் காலக்கெடு ஒரு பொறி. எனவே நோய் அடங்கியிருக்கும் ஆண்டிலும் விண்ணப்பித்துவைப்பதே அறிவுடைமை. கிடைத்த வசதியைத் தேர்வு நாளில் பயன்படுத்தாமல் விடலாம். கிடைக்காததை அன்றைக்கு உருவாக்க முடியாது. எழுதுபவரிடம் சொல்லி எழுத வைப்பதும் ஒரு பயிற்சி. கணக்குச் சமன்பாட்டையும் வேதியியல் வாய்ப்பாட்டையும் வாயால் சொல்லப் பழகாத பிள்ளைக்கு எழுதுபவர் கிடைத்தும் பெரிதாகப் பயனில்லை. பள்ளித் தேர்வுகளிலேயே அதைப் பழக்க வேண்டும்.

குடும்பம் கற்க வேண்டியவை

நோய் கண்டறியப்படும் முன்பே குடும்பத்தின் கல்வி தொடங்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்குக் கால் வலித்தால் வளர்கிற வலி என்பார்கள் வீட்டில். வளர்ச்சி வலி பெரும்பாலும் இரவில், இரண்டு கால்களிலும் வரும். காலையில் இருக்காது, நொண்டல் இருக்காது, வீக்கம் இருக்காது. காலையில் மிகுந்து பகலில் குறையும் வலியும், நொண்டலும், ஒரு மூட்டு மட்டும் பருத்திருப்பதும் வேறு கதை. அடுத்த தடுமாற்றம் மருத்துவமனையில். ஏ.எஸ்.ஓ. என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருப்பதை மட்டும் பார்த்து ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவுசெய்து, மாதக்கணக்கில் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த குழந்தைகள் நம் நாட்டில் பலர். அந்த மாதங்களில் மூட்டு மடங்கி இறுகிவிடுகிறது. இழந்ததை மீட்பது கடினம்.

நோயின் பெயர் தெரிந்ததும் கேள்விகள் வரிசையில் நிற்கும். என்ன சாப்பாடு கொடுத்ததால் வந்தது? தயிரை நிறுத்தலாமா? முட்டை கூடாதா? எந்த உணவும் இந்த நோயை உண்டாக்கியதில்லை. ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டுப் பத்தியம் வைத்தால், ஏற்கெனவே வளர்ச்சி குறைந்த குழந்தை மேலும் மெலியும். தாயின் கர்ப்பகாலத்தில் நடந்ததுதான் காரணம் என்று பழி சொல்லும் வீடுகளும் உண்டு. அதை மறுத்துச் சொல்லும் பொறுப்பு மருத்துவருக்கு இருக்கிறது, தந்தையும் பாட்டியும் அறையில் இருக்கும்போது.

மருந்துப் பாடத்தில் உயிரைக் காக்கும் ஒரு வரி இருக்கிறது: மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் கொடுத்துவிட்டால் இரத்த அணுக்கள் குறைந்து ஆபத்தாகும். அட்டையிலேயே கிழமையின் பெயரை எழுதிவைப்பது நல்லது. வெள்ளி இரவு அல்லது சனிக்கிழமை கொடுத்தால் குமட்டல் விடுமுறை நாளோடு போய்விடும், பள்ளி தப்பும். ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தக் கூடாது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளையின் வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்தால், அதைப் பள்ளி அன்றே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தகவல் ஓட, குழந்தையின் நோயைப் பள்ளிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கேதான் பெண் குழந்தைகளின் வீடுகள் தயங்குகின்றன. நாளை கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்குமே என்ற அச்சத்தில் தலைமை ஆசிரியரிடமும் மறைக்கிறார்கள். மறைத்த நோய்க்குச் சலுகை கேட்க முடியாது. கேட்காத பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்கும். இந்த அச்சம் கற்பனையல்ல என்பதால் அறிவுரையால் போகாது. தகவல் யார் யாரிடம் போகும், யாரிடம் போகாது என்பதைப் பள்ளி எழுதிக் கொடுத்தால் சிறிது தணியும். வகுப்புத் தோழர்களுக்கு என்ன சொல்வது என்பதைக் குழந்தையே தீர்மானிக்க வேண்டும்.

குழந்தையின் பாடமும் வயதோடு வளர வேண்டும். ஐந்து வயதில் எங்கே வலிக்கிறது என்று சுட்டிக்காட்டினால் போதும். பத்து வயதில் மருந்தின் பெயர் தெரிய வேண்டும். பதினான்கில் மருத்துவரிடம் தானே பேச வேண்டும். பதினெட்டில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது, கல்லூரி விடுதியில் தனியாக இருந்துகொண்டு மருந்தையும் கண் பரிசோதனையையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் அம்மாவே நினைவில் வைத்திருந்த வீடுகளில் சிகிச்சை அறுந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கும் இது தொற்றாது என்பதைச் சொல்ல வேண்டும், அவர்களின் பள்ளி விழாவுக்கும் யாராவது போக வேண்டும்.

செய்யக்கூடியவை

இருக்கும் அமைப்புகளைக் கொண்டே தொடங்க முடியும். 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. திட்டத்தின் தொடக்கப் பட்டியலிலிருந்த 30 நிலைகளில் ருமாட்டிக் இதயநோய் உண்டு, சிறார் மூட்டுவாதம் இல்லை. பிரிட்டனில் நியூகாசிலைச் சேர்ந்த ஹெலன் ஃபாஸ்டரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட பிகால்ஸ் என்ற பரிசோதனை, நடை, கை, கால், முதுகு ஆகியவற்றை ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் பார்த்து முடிப்பது. கருவி எதுவும் வேண்டாம். நடமாடும் குழுவின் மருத்துவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால், மூட்டு இறுகும் முன்பே சில பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஏற்கெனவே பணியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் வகுப்பாசிரியரும் பெற்றோரும் மாணவரும் கல்வியாண்டின் தொடக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத் தாள் எழுதலாம். நல்ல நாளில் என்ன, மோசமான நாளில் என்ன என்று அதில் இரண்டு பத்தி இருக்க வேண்டும். இன்று எந்த நாள் என்று சொல்லும் உரிமை குழந்தைக்கு. மோசமான நாளுக்கான ஏற்பாட்டைப் பெற ஒவ்வொரு முறையும் புதிதாகக் கடிதம், சான்று, கெஞ்சல் தேவைப்படக் கூடாது. அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தும் குழந்தை ஒன்றிரண்டு இருக்கலாம். அதனால் வரும் இழப்பு சில மதிப்பெண்கள். நம்ப மறுப்பதால் வரும் இழப்பு ஒரு மூட்டாகவோ ஒரு கண்ணாகவோ இருக்கலாம். கணக்கை இப்படி வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் தவறு செய்வது மலிவு என்பதில் பள்ளிக்குக் குழப்பம் வேண்டியதில்லை.

இதே தாள் ஆஸ்துமா, வலிப்பு, அரிவாள் செல் இரத்தசோகை, முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கும் பொருந்தும். இவையெல்லாமே ஒருநாள் இருப்பதுபோல் மறுநாள் இராத நோய்கள். சிறார் மூட்டுவாதத்துக்காகப் பள்ளி தன் விதிகளை நெகிழ்த்தக் கற்றுக்கொண்டால், அந்தக் கல்வியின் பயன் அந்த ஒரு பிள்ளையோடு நின்றுவிடாது.